ஜெபசுதாவின் கம்ப்யூட்டரில் மாட்டிய வயர்

ஜெபசுதா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இறந்துபோனாள். திங்கட்கிழமை காலையில் அவள் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு லேபிள்கூட வரவில்லை. இந்த இரண்டில் பின்னதுதான் எனக்கு முதலில் தெரிந்தது. மேனேஜர் காசிலிங்கம் எட்டரை மணிக்கு போன் போட்டு, "பிரிண்டர் படுத்துட்டு, உடனே வாரும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அங்கே ஒருத்தி இருக்கும்போது என்னை எதற்குக் கூப்பிடுகிறார் என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

என் பெயர் சிவப்பிரகாஷ். ஊர் ஆத்தூர். கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ரிப்பேர் பார்க்கிறேன். வேலை தெரிந்தவன், வாய் சரியில்லாதவன் என்று தூத்துக்குடி ஆபீஸ்களில் எனக்குப் பெயர். இரண்டும் உண்மைதான். ஆனால் இந்தக் கதையில் நான் செய்த தப்பு வாயால் செய்தது இல்லை.

அது ஹார்பர் ரோட்டில் இருக்கும் ஒரு மீன் ஏற்றுமதி கம்பெனி. கணவாயையும் இறாலையும் உறைய வைத்துப் பெட்டி பெட்டியாக வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் என்ன சரக்கு, என்ன எடை, எந்தத் தேதியில் பேக் செய்தது என்று லேபிள் ஒட்ட வேண்டும். லேபிள் இல்லாத பெட்டி கன்டெய்னரில் ஏறாது. அந்த லேபிளை அடிக்க இருந்தது ஒரே பிரிண்டர். பேக்கிங் ஹால், குளிர்கிடங்கு, ஆபீஸ், லேபிள் அறை என்று நான்கு இடத்துக் கம்ப்யூட்டர்களுக்கும் அது பொது. லேபிள் அறையில் இருந்தது ஜெபசுதாவின் கம்ப்யூட்டர்.

நான் போய் இறங்கும்போது கன்டெய்னர் லாரி வாசலில் நின்றது. நேரே பேக்கிங் ஹாலுக்குப் போனேன். அங்கே சூப்பர்வைசர் மெட்டில்டா நின்றிருந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. கேள்வி கேட்க எனக்கு நேரமில்லை. அவள் கம்ப்யூட்டரில் பார்த்தேன், பிரிண்டர் ஆஃப்லைன் என்று காட்டியது. கேபிளை ஆட்டிப் பார்த்தேன், டிரைவரைப் பார்த்தேன், குளிர்கிடங்கிலும் ஆபீசிலும் போய்ப் பார்த்தேன். எல்லா இடத்திலும் அதே ஆஃப்லைன். மூன்றிலும் ஒரே சமயத்தில் கோளாறு வராது, நடுவில் இருப்பதுதான் போயிருக்கிறது என்று எரிச்சலோடு லேபிள் அறைக் கதவைத் திறந்தேன்.

ஜெபசுதாவின் கம்ப்யூட்டரை ஒரு வெள்ளை வேட்டியால் மூடியிருந்தார்கள். அதன் மேல் அவள் போட்டோவைச் சாய்த்து, ஒரு முழம் மல்லிகைப்பூவைச் சுற்றி, முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். நாற்காலியை மேசையோடு ஒட்டித் தள்ளி வைத்திருந்தார்கள்.

"நேத்து சாயங்காலம், அண்ணாச்சி" என்றாள் பின்னால் வந்த மெட்டில்டா. "இன்னைக்கு நாலு மணிக்கு நாசரேத்துல அடக்கம்."

நான் போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளே சொன்னாள். "நியூஸ் கேட்டதும் நாங்க நாலஞ்சு பேரு வந்தோம். துக்கத்துக்குக் கடைய அடைக்க மாட்டாங்களா? அவ கம்ப்யூட்டரு மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பாக்க மனசு கேக்கல. ஆஃப் பண்ணி, பிளக்கையும் புடுங்கிட்டோம்."

அதுதான் கோளாறு. அந்தக் கம்ப்யூட்டர் அணைந்தால் மற்ற மூன்றுக்கும் பிரிண்டர் கிடையாது. ஒன்பது வருஷமாக அது இரவும் பகலும் ஓடியதால் அங்கே யாருக்கும் இது தெரியவில்லை. தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் ஜெபசுதாவும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பிரிண்டரை மாட்டியவன் நான்தான். அதன் பின்பக்கம் வயர் மாட்ட இரண்டு இடம் உண்டு. ஒன்றில் யூ.எஸ்.பி வயரை மாட்டினால் பிரிண்டர் ஏதாவது ஒரு கம்ப்யூட்டருக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கும். இன்னொன்றில் நெட்வொர்க் கேபிளை மாட்டினால் யார் தயவும் இல்லாமல் தனியாக நிற்கும், எல்லாரும் அதற்கு நேரே அனுப்பலாம். அதுதான் சரியான முறை. ஆனால் ஆபீசிலிருந்து அதற்கென்று இன்னொரு கேபிள் இழுக்க வேண்டும், சுவரில் ஓட்டை போட வேண்டும். அன்று மணி மூன்றாகியும் நான் சாப்பிடவில்லை. யூ.எஸ்.பி வயரைப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரில் மாட்டி, மற்ற மூன்றையும் அதன் வழியாக அனுப்பும்படி செய்துவிட்டேன். நெட்வொர்க் கேபிளுக்கான இடத்தை ஒரு ரப்பர் மூடி அடைத்திருந்தது. அதை நான் தொடவே இல்லை.

"இப்போதைக்கு இது இப்படி இருக்கட்டும்" என்றேன். பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் ஜெபசுதாவுடையது.

அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நாசரேத்துக்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கணவர் தேவதாசன் உப்பளத்தில் எடைமேடைக்காரர். பிள்ளைகள் இல்லை. டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு லேபிள் அடிக்க வந்தவள். சாப்பாட்டுத் தூக்குவாளியில்கூட ஒரு லேபிள் ஒட்டியிருப்பாள்: ஜெபசுதா, சரக்கு புளிச்சோறு, நிகர எடை போதாது. அந்த மாதிரிப் பெண்.

நான்கு கம்ப்யூட்டரிலிருந்தும் ஒரே நேரத்தில் அனுப்பினால் ஏதாவது ஒன்று நடுவில் சிக்கிக்கொள்ளும். அதற்குப் பின்னால் நிற்கும் எல்லாம் அப்படியே நின்றுவிடும். சிக்கியதை அழிக்க ஜெபசுதாவின் கம்ப்யூட்டரில்தான் முடியும். அதற்கு அவள் பாஸ்வேர்டு வேண்டும். லேபிளில் தேதியை யாராவது மாற்றிவிட்டால் கம்பெனி பெயரே போய்விடும் என்று காசிலிங்கம் அதை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்றிருந்தார். கரண்டு போய் வந்தாலும் அவள்தான் உள்ளே நுழைந்து சரிசெய்ய வேண்டும். அதனால் அவள் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போனாள். மேசையிலேயே சாப்பிட்டாள். பாத்ரூம் போனால்கூட "ஜெபாக்கா, நிக்குது" என்று யாராவது கதவைத் தட்டுவார்கள்.

"ஒருத்தர் பின்னால ஒருத்தரா வாங்கப்பா, திருவிருந்து அப்பம் வாங்க வாற மாதிரி" என்று ஹாலைப் பார்த்துச் சத்தம் போடுவாள். உப்புக்காற்றில் பிரிண்டர் தலை கெட்டுப்போகும் என்று சனிக்கிழமைதோறும் ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துத் துடைப்பாள். அது நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. துடைத்த தேதியை ஒரு லேபிளில் எழுதிப் பக்கவாட்டில் ஒட்டி வைப்பாள். என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்களில் சொன்னதை ஒழுங்காகச் செய்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் என்னிடம் மூன்று தடவை ஒரு விஷயம் கேட்டாள்.

முதல் தடவை கேட்டது அசனப் பண்டிகைக்காக. அவர்கள் கோயிலில் ஊரே கூடிச் சமைத்து, ஊரே உட்கார்ந்து சாப்பிடும் நாள். "மூணு வருசமா போகல அண்ணாச்சி. நான் இல்லாட்டியும் இது ஓடுத மாதிரி பண்ணித் தர முடியாதா?" என்றாள். அடுத்த தடவை வரும்போது பார்ப்போம் என்றேன். இரண்டாவது தடவை அக்கா மகள் கல்யாணத்துக்கு. காலையில் தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறி மத்தியானம் வேலைக்கு வந்துவிட்டாளாம். அப்போதும் அடுத்த தடவை என்றேன்.

மூன்றாவது தடவை போன ஜனவரியில் கேட்டாள். நான் ரிப்பன் மாற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது லேபிள் அறை வாசல் வரைக்கும் வந்தாள். "வயித்துல ஒரு வலி அண்ணாச்சி. திருநெல்வேலில ரெண்டு நாள் தங்கி டெஸ்ட் எடுக்கணுமாம். இங்கன யாரும் இருக்க வேண்டாங்கிற மாதிரி இத மாத்தித் தாங்களேன்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அதை இன்றைக்கும் நினைத்தால் என் கையையே வெட்டிப் போடலாம் போலிருக்கிறது. "சீசன்ல கை வச்சா நாலும் நின்னுரும் தாயி. மீன்பிடித் தடைக்காலம் வரட்டும், நிதானமா மாத்திருவோம்" என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். சண்டை போட்டிருக்கலாம். காசிலிங்கத்திடம் போய் அழுதிருக்கலாம். அவளுக்கு அதெல்லாம் வராது. நான் சொன்னதை நம்பினாள்.

ஏப்ரல் நடுவில் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் கரையேறின, பேக்கிங் அநேகமாக நின்றுபோனது, ஜெபசுதா திருநெல்வேலிக்குப் போனாள். நான் வயரை மாற்றப் போகவில்லை, மறந்துவிட்டேன். அங்கே வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்களாம். மூன்று மாதம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூனில் படகுகள் கடலுக்குப் போனதும் அவளும் வேலைக்கு வந்துவிட்டாள். "வீட்டுல கெடந்து என்ன செய்ய? இங்க லேபிள் நின்னுருமே" என்றாளாம். தேவதாசன் காலையில் வண்டியில் கொண்டுவந்து விடுவார், சாயங்காலம் வந்து கூட்டிப் போவார். போன வெள்ளிக்கிழமை வரைக்கும் வந்திருக்கிறாள்.

அந்த வேட்டியை விலக்க எனக்குக் கை வரவில்லை. மெட்டில்டாதான் போட்டோவை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டாள். நான் பிளக்கை மாட்டி கம்ப்யூட்டரைப் போட்டேன். ஹாலிலிருந்து ஒரு லேபிள் அனுப்பிப் பார்த்தோம். அது போய் வரிசையில் நின்றது. அதற்கு முன்னால் சனிக்கிழமை சாயங்காலம் கரண்டு போன நேரத்தில் சிக்கிய ஒன்று அசையாமல் நின்றது. அதை அழிக்க உள்ளே போக வேண்டும். திரை பாஸ்வேர்டு கேட்டது.

காசிலிங்கம் கதவருகில் வந்து நின்றார். கெட்ட மனுஷர் இல்லை. அவர் முகமும் வாடித்தான் இருந்தது. "இந்த லோடு ஒரு மணிக்குள்ள ஹார்பர் கேட்டுக்குள்ள போகணும். அதை அனுப்பாம ஒருத்தரும் நாசரேத்துக்குக் கெளம்ப முடியாது. லேபிள் அடிக்க ரெண்டு பேராவது இங்கன இருந்தாகணும்" என்றவர், கொஞ்சம் தயங்கி, "அவ வீட்டுக்காரருக்கு ஒரு போனு போட்டு பாஸ்வேர்டு கேட்டுப் பாப்பமா?" என்றார்.

"பொணத்துப் பக்கத்துல உக்காந்திருக்கிற மனுசன்கிட்ட பாஸ்வேர்டு கேப்பீரா, வே?" என்றேன். அந்தக் கம்பெனியில் நான் போட்ட சத்தத்திலேயே பெரிய சத்தம் அதுதான். கோபம் அவர் மேல் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்ததோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார்.

பிரிண்டரைத் திருப்பி வைத்தேன். ரப்பர் மூடியை நகத்தால் நெம்பினேன். மூடி இறுகிப் போயிருந்தது, கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் வந்தது. உள்ளே பித்தளைக் கம்பிகள் வாங்கின அன்று போலவே பளபளவென்று இருந்தன. மேலே பார்த்தேன். அந்த அறைச் சுவரில் ஐந்து வருஷத்துக்கு முன்னால் கேமரா மாட்ட வந்தவர்கள் ஒரு சின்ன நெட்வொர்க் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதில் மூன்று இடம் காலியாக இருந்தது. பிரிண்டருக்கும் அதற்கும் நடுவில் இரண்டு முழம்கூட இல்லை. சுவரில் ஓட்டை போடும் வேலையே இல்லை. இந்த ஐந்து வருஷமும் அந்தப் பெட்டிக்குக் கீழே நின்று வேலை பார்த்துவிட்டுத்தான் அவளிடம் அடுத்த தடவை என்று சொல்லியிருக்கிறேன்.

என் பையிலேயே கேபிள் இருந்தது. எப்போதும் இருக்கும். மாட்டினேன். பிரிண்டரின் பட்டனை அழுத்தி அதன் நெட்வொர்க் எண்ணை அடித்து எடுத்து, மூன்று கம்ப்யூட்டரிலும் அந்த எண்ணைப் போட்டேன். யூ.எஸ்.பி வயரைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மொத்தமாக இருபத்தைந்து நிமிஷம் ஆனது. ஹாலிலிருந்து மெட்டில்டா அனுப்பினாள். லேபிள் ஒன்றன் பின் ஒன்றாக வர ஆரம்பித்தது. குளிர்கிடங்கிலிருந்தும் ஆபீசிலிருந்தும் அனுப்பச் சொன்னேன். மூன்றும் கலந்து வந்தன. எதுவும் சிக்கவில்லை.

மெட்டில்டா சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தாள், கேபிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இம்புட்டுதானா, அண்ணாச்சி?" என்றாள். குத்திக் காட்டுவதற்காக அவள் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"இம்புட்டுதான்" என்றேன்.

ஜெபசுதாவின் கம்ப்யூட்டரை நானே அணைத்தேன். வேட்டியை நானே இழுத்து மூடினேன். மெட்டில்டா போட்டோவை முன்பு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பூவைச் சரிசெய்தாள்.

பதினொன்றரைக்குக் கடைசிப் பெட்டியில் லேபிள் ஒட்டினார்கள். லாரி கிளம்பிப் போன கையோடு வேன் வந்து வாசலில் நின்றது. பெண்கள் கையுறையைக் கழற்றிவிட்டு முகம் கழுவிக்கொண்டு ஏறினார்கள். சாயங்காலம் அடிக்க இன்னும் கொஞ்சம் லேபிள் இருந்தது. அதைக் குளிர்கிடங்கில் இருப்பவர்களே அனுப்பிக்கொள்ளலாம் என்று காசிலிங்கத்துக்கு நம்பிக்கை வரவில்லை. லேபிள் அறை வாசலில் நின்று என்னைக் கேட்டார்.

"அப்போ இங்கன ஒருத்தர் இருக்க வேண்டாமா?"

"வேண்டாம். இங்கன யாரும் இருக்க வேண்டாம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யார் கேட்ட வார்த்தை என்று எனக்கு உறைத்தது. ஜனவரியில் அவள் நின்ற அதே வாசலில் உட்கார்ந்து அழுதேன். வேனில் எனக்கு இடம் வைத்துக்கொண்டு மெட்டில்டா இரண்டு தடவை கூப்பிட்டாள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை.