வாளி போன வழி

ஆளில்லாத வீடுகளின் நாய்களுக்குச் சோறு போடுவதுதான் என் தொழில். இப்போது அந்தச் சோத்து வாளியையும் என் செருப்பையும் தேங்காய்த் தும்பால் தேய்த்து, குளோரின் தண்ணிக்குள் அமுக்கிவிட்டு இருக்கிறேன். பத்து நிமிசம் ஊற வேண்டுமாம். கண்டிக் கடை வீட்டில் ஆறு குட்டி இருந்தது, இப்போது நாலு. அந்த நாலுக்காகத்தான் இந்த ஊறல். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, ஊறுகிற நேரம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாய் இதை எழுதுகிறேன். வெளிநாட்டுக்காரரின் சாவிக்கோர்வையோடு திரிகிற உங்களுக்கும் இது நடந்திருக்கலாம், இல்லாவிட்டால் இனி நடக்கலாம்.

கனடா வீடு

எங்கட ஊர் மடத்துவெளியில் எனக்கு நாலு வீடு. ஆட்கள் எங்கே இருக்கினமோ அதுதான் வீட்டின் பெயர்: கனடா வீடு, லண்டன் வீடு, சுவிஸ் வீடு. நாலாவது கண்டிக் கடை வீடு. அவர்கள் கண்டியில் வைத்திருந்த கடையை விட்டுவிட்டு ஒஸ்ரேலியா போய்க் கனகாலம், பெயர் மட்டும் மாறவில்லை.

கனடாக்காரர் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது யாழ்ப்பாணத்தில் ஒரு குட்டி வாங்கி, டைகர் என்று பெயர் வைத்து, என் கையில் தந்துவிட்டுப் பறந்தவர். மூன்று மாசக் குட்டி. ஒருநாள் காலமை சோத்தை மணந்து பார்த்துவிட்டுத் தின்னாமல் விட்டது. மத்தியானம் நுரை நுரையாய்ச் சத்தி எடுத்தது. அடுத்த நாள் பின்னால் இரத்தமாய்ப் போனது. அந்த மணம் ஒருக்கால் மூக்கில் ஏறினால் எங்களுக்கே சோறு இறங்காது.

கனடாக்காரருக்குப் போன் எடுத்து வீடியோவில் காட்டினேன். என் குரலுக்கு டைகர் தலையைத் தூக்கப் பார்த்தது, ஏலவில்லை. அவர் பார்த்தார். பிறகு சொன்னார்: “சரி தங்கச்சி, போனை அங்கால திருப்பும். பின்பக்கக் கேற் பூட்டிக் கிடக்கோ எண்டு ஒருக்காப் பாப்பம்.”

நஞ்சு

டைகர் செத்து, மண்ணில் தாட்டு ஐந்தாம் நாள் லண்டன் வீட்டு புரூனோ படுத்தது. அதே சத்தி, அதே இரத்தம், அதே சாவு. ஒரே கிழமைக்குள் இரண்டு நாய் என்றதும் ஊரில் நஞ்சு என்று கதை வந்தது. பக்கத்து வளவுப் பரமண்ணையின் ஆட்டை புரூனோ போன மாரியில் கடித்திருந்தது. அது போதாதா? லண்டனிலிருந்து அவருக்குப் போன் போட்டுப் பேசாத பேச்செல்லாம் பேசியிருக்கினம். கடையடியில் இருக்கிற ஆட்கள் அவரைக் கண்டால் கதையை நிற்பாட்டுவினம்.

நான் வாளியோடு போகும்போது பரமண்ணை வேலிக்கு அங்கால் நின்று கூப்பிட்டார். நான் ஆம்பிளையளோடு நின்று கதைக்கிற ஆள் இல்லை, தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். “பிள்ளை, நீயே சொல்லு,” என்றார். “என்னட்டை நஞ்சு இருந்தா, லண்டனிலை இருக்கிறவனை விட்டுட்டு நாய்க்கோ வைப்பன்?”

ஊசி போட்ட நாய்

மூன்றாவதாய்ப் படுத்தது சுவிஸ் வீட்டு ஜிம்மி. அதற்கு ஊசி போட்ட அட்டை இருந்தது, அதனால் எனக்குப் பயமில்லை. வேலணையிலிருந்து மிருக வைத்தியர் அம்மா ஸ்கூட்டியில் வந்தா. அட்டையை நீட்டினேன். “இது விசர்நாய் ஊசி, ரேபீஸுக்கு மட்டும்தான். இந்த வருத்தத்துக்கு ஊசி வேறை,” என்றா. ஒரு ஊசி எல்லாத்துக்கும் காணும் என்றுதான் நானும் இவ்வளவு காலம் நினைத்துக்கொண்டிருந்தனான். உங்களில் எத்தனை பேர் அப்படி நினைக்கிறீர்களோ தெரியாது.

யன்னல் கம்பியில் சேலைனைக் கட்டி, ஜிம்மியின் முன்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று பகல் இருந்தேன். என் சின்ன மகள் மடியில் படுத்து நித்திரை, நாய் காலடியில். மூன்றாம் நாள் பின்னேரம் சேலைன் சொட்டுவது நின்றது. தட்டிப் பார்த்தேன், குழாயில் அடைப்பு இல்லை. நாய்தான் போய்விட்டது. சுவிஸ் அக்காவுக்குப் போனில் சொன்னபோது அவ பெருமூச்சு விட்டா. “அப்ப விசராலை சாகேல்லை. அது ஒரு ஆறுதல்.”

ஏ, பி, சி

ஜிம்மி செத்த பின்னேரம் திரும்ப வந்த வைத்தியர், போக முதல் எங்களுக்கு விளக்கம் சொன்னா. கண்டிக் கடை வீட்டுக்கு முன்வீட்டு மலரக்காவும் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றவா. நோயின் பெயர் பார்வோ. முதலில் வந்த கிருமி ஒன்று, அது உருமாறி உருமாறி டூ ஏ, டூ பி, டூ சி என்று மூன்றாய்ப் போனதாம். பழையது பூனைக்குத் தொற்றாது, இந்த மூன்றும் தொற்றும். மனிசருக்கு ஒன்றும் வராது. இங்கே வந்தது எது என்று ஆய்வுக்கு அனுப்பினால்தான் தெரியும். எதுவானாலும் குடலின் உள்தோலை அரிக்கும், இரத்தத்தில் நோயை எதிர்க்கிற வெள்ளைக் கலங்களைக் கொல்லும். மண்ணுக்குள் ஒரு வருசம்கூடக் கிடக்குமாம்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எங்கட பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைவு, ஏ, பி, சி என்று பிரிக்க ஆள் இருக்கவில்லை. அதனால் எனக்குக் கேள்வி ஒன்றும் வரவில்லை. மலரக்காதான் பூனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டா: “டொக்டர், இந்த மூண்டிலையும் எது கொஞ்சம் இரக்கமானது?”

போகிற ஒழுங்கு

வைத்தியர் ஸ்கூட்டியில் ஏறப்போனவா, திரும்பி வந்தா. “நீர்தானே எல்லா வீட்டுக்கும் சாப்பாடு கொண்டு போறனீர்? எத்தினை வாளி?”

“ஒண்டுதான் மிஸ்.”

“டைகர் தின்னாமல் விட்ட சோத்தை என்ன செய்தனீர்?”

சூடை மீன் தலை போட்டு அவித்த சோறு. எறிய மனம் வருமா? “திரும்ப வாளிக்குள்ள போட்டு லண்டன் வீட்டு நாய்க்குக் குடுத்தனான்,” என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. புரூனோ விட்டதை ஜிம்மிக்குக் கொடுத்ததும் நான்தான். சத்தியை மிதித்த செருப்போடு வாசல் வாசலாய்ப் போனதும் நான்தான். அவ ஏசவில்லை. பொக்கற்றிலிருந்து கொப்பியை எடுத்து, நாய்கள் செத்த ஒழுங்கை எழுதி, நான் வீடுகளுக்குப் போகிற ஒழுங்கைக் கேட்டு அதற்குப் பக்கத்தில் எழுதினா. இரண்டும் ஒன்றுதான். பேனையை மூடாமல் கேட்டா: “அடுத்தது எந்த வீடு?”

படலையடி

அன்றைக்கே பரமண்ணையின் படலை வாசலில் போய் நின்றேன். அவர் ஆட்டுக்கு இலைகுழை கட்டிக்கொண்டிருந்தார். நஞ்சு இல்லை, என் வாளிதான் காரணம் என்று சொல்லி முடிக்கும் வரைக்கும் அவர் கட்டுவதை நிற்பாட்டவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுத்த குழையை எடுத்தார். லண்டனுக்கு நாளைக்குச் சொல்லுறன் அண்ணை என்றேன். கயிற்றை விட்டுவிட்டுக் கிட்ட வந்தார். “நாளைக்கு இல்லைப் பிள்ளை. இப்பவே எடு. நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்.”

ஆறு குட்டி

லண்டன் வீட்டுச் சாவி இப்போது என்னிடம் இல்லை. இருக்கிறதில் உயிர் உள்ளது கண்டிக் கடை வீடு மட்டும். அங்கே ஒரு செவலைத் தாய், ஐந்து கிழமைக் குட்டிகள் ஆறு. இனி அங்கேதான் முதலில் போக வேண்டும், தோய்த்த உடுப்பு, ஊறின செருப்பு, புதுச் சட்டி. ஆனால் இதெல்லாம் தெரிய முதலே எத்தனையோ நாள் அதே வாளியோடு போய்விட்டேனே. அதற்கு மருந்து இல்லை, பார்த்துக்கொண்டிருக்கத்தான் ஏலும்.

வைத்தியர் சொன்ன ஒன்றுதான் என்னை நித்திரை கொள்ளவிடாமல் வைத்திருக்கிறது. சின்னக் குட்டிகளில் இது சில வேளை குடலுக்குப் போகாமல் இதயத்துக்குப் போகுமாம். சத்தி இல்லை, இரத்தம் இல்லை. விளையாடிக்கொண்டு நிற்கும், பால் குடித்துக்கொண்டு கிடக்கும், அப்படியே மூச்சு நின்றுபோகும். முதல் குட்டி அப்படித்தான் போனது. நான் சட்டியோடு உள்ளே போனபோது தாயின் முலையில் வாய் வைத்தபடி கிடந்தது, கடைவாயில் பால். தாய் அதற்காக அசையாமல் படுத்திருந்தது. மலரக்கா வாசலில் நின்று விரலை வாயில் வைத்தா: “மெதுவா வா பிள்ளை. குடிச்ச களைப்பிலை அயந்திட்டுது.”

அடுத்த நாள் இரண்டாவது. பிறகு இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை, நாலும் சட்டிக்குள் தலையை விட்டுச் சண்டை பிடித்தன. மொத்தத்தில் நான் படித்தது இவ்வளவுதான், பசியோடு நிற்கிற நாயைவிட மிச்சம் விட்ட நாய்க்குத்தான் நாங்கள் பயப்பட வேணும், ஏனென்றால் எங்களைப் போல ஆட்கள் அந்த மிச்சத்தை எறியாமல், பாவம் என்று அடுத்த வாசலுக்கு – மலரக்கா றோட்டில் நின்று கூப்பிடுகிறா, தாய் ஒரு குட்டியை நக்கி நக்கிப் பார்க்குதாம், அது இன்னும் எழும்பவில்லையாம். ஓடுகிறேன், மிச்சம் பிறகு.