அடுப்புக்கு மேலே ஒரு குடித்தனம்

நிற்கக்கூடத் தெரியாத ஒருவன் போன மாதம் எங்கள் வீட்டில் நடனம் பழகினான். என் எட்டு மாத மகன்தான்! தரையில் விட்டால் ஒரு முழங்காலைத் தூக்குவான், உடனே ஒரு கையைத் தூக்குவான், பிறகு என்னைப் பார்த்து ஊரைக் கூட்டுவான்.

சிராங்கூன் ரோட்டில் எங்கள் குடித்தனம் மாடியில். கீழே மீரான் பாயின் ரொட்டிக் கடை. சாயங்கால ரொட்டிக்காக உச்சி வேளையில் அடுப்பை மூட்டுவார். அடுப்பின் உச்சந்தலைக்கு இரண்டு முழம் மேலே எங்கள் பலகைத் தளம். கீழே ரொட்டி வேகும்... மேலே நாங்கள் வேவோம்.

என் மனைவி விசாலம் பிள்ளையோடு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்து இரண்டே மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "வெள்ளிக்கிழமை கப்பல் இருக்கு. அதுக்குள்ள பிள்ளை தரையில படுத்துத் தூங்கணும். இல்லேன்னா அவனும் நானும் ஊருக்குப் போறோம். நீங்க இங்கேயே வெந்துக்கிட்டுக் கிடங்க!"

சொன்னதோடு நிற்கவில்லை. தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது.

வேறு வீடு பார்க்கக் கூடாதா என்பீர்கள். கணக்கெழுதும் ஒரு கிராணியின் சம்பளத்தில், ஆபீசுக்கு நடந்து போகும் தூரத்தில்... விடுங்கள்.

வழி ஆபீசிலேயே கிடைத்தது. துரை படித்துப் போட்ட ஆங்கிலப் பத்திரிகை ஒன்று. குளிர் நாட்டில் பாதம் சில்லிடாமல் இருக்கத் தளத்துப் பலகைக்கு அடியில் வைக்கோலை அடைப்பார்களாம். அங்கே குளிரைத் தடுப்பது இங்கே சூட்டைத் தடுக்காதா? நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன்!

நம் பேட்டையில் வைக்கோலுக்கா பஞ்சம்? மாட்டுக் கொட்டகை கூப்பிடு தூரம். அடுப்புக்கு நேர் மேலே வைக்கோலைத் திணிக்கும் அளவுக்கு நான் பைத்தியமில்லை. ஆகவே தளத்தின் மேல் பரப்பி, சமுக்காளத்தை விரித்தேன். செவ்வாய் மதியம் சூடு கொஞ்சம் தணிந்தது உண்மை. ஆனால் வைக்கோலோடு மாட்டு உண்ணியும் குடிவந்திருந்தது!

பிள்ளையின் தொடையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி விசாலம் என் உள்ளங்கையில் வைத்தாள். "இதைப் பத்தி உங்க பத்திரிகைல என்ன போட்டிருக்கு?"

அன்றே இரண்டு புடவைகள் பெட்டிக்குள் போயின.

புதன் காலையில் வைக்கோலை வாரிக் கொல்லையில் கொட்டப் போனேன். அங்கே அடுப்புச் சாம்பல் குவியலாகக் கிடந்தது. சும்மா தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. இன்னும் ஆழமாகக் கை விடப் போனபோது மீரான் பாய் அலறினார். "கைய எடுங்க தம்பி! உள்ள நேத்து நெருப்பு இன்னும் உசுரோட இருக்கு!"

அட! உள்ளே நெருப்பு, மேலே குளிர்ச்சி. இதைவிட என்ன வேண்டும்?

மண்ணெண்ணெய்த் தகரங்களை நீளவாக்கில் வெட்டித் தட்டுகளாக்கி, ஆறிய சாம்பலைச் சலித்து நிரப்பி, எங்கள் தளத்துக்கு அடியில், சட்டங்களுக்கு இடையில் வரிசையாக ஆணியடித்துப் பொருத்துவதென்று திட்டம். ஆனால் எங்கள் தளத்தின் அடிப்பக்கம்தான் பாயின் கடைக்கு மேற்பக்கம். அவர் சம்மதிக்க வேண்டுமே!

"செய்ங்க தம்பி. ஆனா என் மாவுல ஒரு பொட்டு சாம்பல் விழுந்துச்சு... அன்னைக்கு ரொட்டி முழுக்க நீங்கதான் தின்னணும்."

புதன் மாலையும் வியாழன் விடியலும் ஏணியில் கழிந்தன. ஏணியைப் பிடித்துக்கொண்டது பாய்தான். அன்று ஆபீசில் தலைமைக் கிராணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னப்பா, இன்னைக்கு விபூதி கொஞ்சம் தாராளமோ?"

மதியம் வீட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே பாயின் குரல். "தம்பி! என்ன காரியம் பண்ணி வச்சீங்க? வந்து பாருங்க!"

பார்த்தேன். பிசைந்து வைத்த மாவு, தொட்டி விளிம்பைத் தாண்டிப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. போச்சு! தகரங்களைக் கழற்றச் சொல்லப் போகிறார், விசாலம் கப்பலேறப் போகிறாள்...

பாய் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஒரு மணி நேரம் முன்னாடியே பொங்கிடுச்சு! சூடெல்லாம் இங்கேயே நிக்குது. நாளைலேர்ந்து விறகைக் குறைச்சுடலாம்."

"உங்களுக்கு வேகலையா பாய்?"

"ரொட்டிக்காரன் வேகாம வேற யாரு வேகறது? கொல்லைக் கதவைத் திறந்து வச்சுக்கறேன். நீங்க மேல போயி பிள்ளையப் பாருங்க!"

இத்தனை நாளாக எங்களை வாட்டியது அவருடைய விறகின் சூடு. அவருக்கு அது தேவை, எங்களுக்குத் தொல்லை. நடுவில் நான்கு விரல் சாம்பல் வைத்ததும் இரண்டு வீட்டுக்கும் நல்லதாயிற்று. அக்கம்பக்கத்துச் சண்டைகள் பலவும் இந்த ஜாதிதானோ?

மாடியில் நடனக்காரன் வெறும் பலகையில் குப்புறப் படுத்து, வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் விசாலம், வெறுங்காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உதட்டில் விரலை வைத்து, "மெதுவா நடங்க" என்றாள். பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது.

வெள்ளிக்கிழமை கப்பல் போனது. விசாலம் போகவில்லை, அவள் அம்மாவுக்கு எழுதிய கடிதம் போனது. வெளியே நல்ல மழை பெய்துகொண்டிருந்தபோது எழுதிய கடிதம் அது. தபாலில் சேர்க்கும்முன் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டேன்: "இங்கே தரை ஜில்லென்று இருக்கிறது, பிள்ளைக்கு ஒரு கம்பளி அனுப்பவும்."