உங்கள் அக்காவின் மஞ்சள் காமாலை

கண்ணுங்களா, உங்களுக்கு முன்னால் ஓர் அக்கா இருந்தாள். ஏழு மாதம்தான். அவளைப் பற்றிக் கேட்டால் உங்கள் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். அதனால் நான் எழுதுகிறேன்.

அப்போது வல்லம் வடகாலில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். கம்பெனியில் பெயிண்ட் அடித்து வரும் கார் கதவுகளின் நிறத்தைச் சரிபார்ப்பது என் வேலை. வெள்ளைக் கதவில் துளி மஞ்சள் தெரிந்தாலும் லைனை நிறுத்திவிடுவேன்.

அக்கா பிறந்த மூன்றாம் நாள் உடம்பில் மஞ்சள் தட்டியது. நிறையக் குழந்தைகளுக்கு வரும், இரண்டு வாரத்தில் போகாவிட்டால் தூக்கி வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தினமும் காலை வெயிலில் மாடியில் காட்டுவேன். மூக்கு நுனியை மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, "நேத்தைக்கு இன்னைக்குக் கொறைஞ்சிருக்கு" என்பேன். உங்கள் அம்மா என் கண்ணை நம்பினாள். இரண்டு வாரம் ஆறு வாரமானது.

மலமும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனது. அம்மாதான் வீட்டு ஓனரம்மாவிடம் கேட்டாள்.

"பால் குடிக்கிற புள்ளைக்கு வேற எப்டிம்மா போவும்? பிரியாணியா துன்னுகினு கீது?"

நானும் சிரித்தேன்.

இரண்டாம் மாதம் ஒருநாள் மூக்கில் ரத்தம் வந்தது, நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"மலம் எத்தனை நாளா வெள்ளையா போகுது?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு மாசமா சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்: ஈரல் ஒரு புரதத்தைச் செய்து ரத்தத்துக்கு அனுப்ப வேண்டும். அக்காவுக்கு அது கோணலாக மடிந்து ஈரலுக்குள்ளேயே தங்கிவிட்டது. ரத்தத்தில் குறைவு, ஈரலுக்குக் கேடு. கோளாறில் பாதி என்னிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து. எங்கள் இருவர் உடம்பிலும் அது வெளியே தெரியாது. அம்மா என் மாமன் மகள் அல்லவா, ஒரே குடும்பத்து ரத்தம்.

"முன்னாடியே வந்திருந்தாலும் இந்த நோய் வந்திருக்கும். ஆனா வைட்டமின் ஊசி போட்டு ரத்தக் கசிவைத் தடுத்திருக்கலாம். சத்தும் ஏத்தியிருக்கலாம்" என்றார்.

அந்த 'ஆனா'வை இன்றுவரை என்னால் தாண்ட முடியவில்லை.

ஏழாம் மாதம் ஈரல் கைவிட்டுவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்கள் அம்மா என்னைப் பார்த்து, "நீங்க கலர் பாக்குற ஆளுதானே?" என்றாள். அதற்கப்புறம் ஒருநாளும் சொன்னதில்லை.

உங்கள் இருவருக்கும் ரத்தம் பார்த்தாகிவிட்டது, அந்த நோய் இல்லை. நாளைக்கு உங்களுக்குப் பிள்ளை பிறந்தால், பிறக்கும்போதே டாக்டரிடம் அக்காவைப் பற்றிச் சொல்லுங்கள். மலம் வெளுத்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். யார் சிரித்தாலும் சரி.

அடக்கம் முடிந்த அடுத்த புதன்கிழமை தனியாகத் துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு அங்கிருந்து உங்கள் அம்மாவின் போனுக்குத்தான் கூப்பிடுவார்கள். நர்சம்மா பதிவேட்டைத் திருப்பி, "பேரை அடிச்சிடவா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். பேனாவை வாங்கி, உங்கள் அம்மாவின் நம்பரை அடித்துவிட்டு என் நம்பரை எழுதினேன்.