அண்ணன் எண்ணிய கைகள்

சபைச் செயலாளர் பதவியிலிருந்து அண்ணனை இறக்கியது நான்தான். நல்ல காரியம் செய்தாய் என்று ஊரில் இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் அந்தப் பேச்சை எடுத்தால் நான் ஏதாவது வேலையைச் சொல்லி நகர்ந்துவிடுவேன்.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில், மெயின்ரோட்டிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தும் சின்ன வெங்காயம் பிடுங்கியும் எங்களை வளர்த்தார்கள் அப்பாவும் அம்மாவும். அண்ணனுக்கு எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை கிடைத்த பிறகுதான் வீட்டில் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டோம். என்னை ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்த்தவர் அவர். தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மெயின்ரோடு வரை நடந்து வந்து பஸ் ஏற்றிவிட்டார். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். என்னை ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். நான் தலைமை ஆசிரியை ஆகி, தலை நரைத்த பிறகும் பாப்பாதான்.

எங்கள் தேவாலயம் சின்னது. ஊரில் கோயில் என்றே சொல்வோம். இருபத்திரண்டு வருஷம் அதற்கு அண்ணன்தான் செயலாளர். ஓடு பறந்த மழைக்காலத்தில் ஈரத் துணியோடு கூரை மேல் ஏறி நின்றவர். யார் வீட்டில் சாவு என்றாலும் குழி வெட்ட ஆள் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள் போய்த் துக்கம் கேட்பார். அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் இல்லாமல் அங்கே ஒரு பெஞ்சைக்கூட நகர்த்த முடியாது என்று ஆகியிருந்தது.

கமிட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் அவர் வயதுக்காரர்கள், அவர் தெருக்காரர்கள். அறுப்பின் பண்டிகைக்குப் பெண்கள் சமைப்போம், பெருக்குவோம், கோலம் போடுவோம். கமிட்டியில் ஒரு பெண் இருந்ததில்லை. சிமெண்டு லாரி ஓட்ட வந்து புதுக்காலனியில் குடியேறியவர்களுக்கு எங்கள் கோயிலில்தான் ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம். இருந்தும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார்கள். ஒரு டிரைவரின் மனைவி, தன் மகள் ஒரு ஞாயிறு வேதபாடம் வாசிக்கலாமா என்று அண்ணனிடம் கேட்டாள். “பார்ப்போம்மா” என்றார். அவருடைய பார்ப்போம் வருஷக்கணக்கில் நீளும். அந்தக் குடும்பம் பிறகு பெரம்பலூரில் ஒரு ஜெபக்கூடத்துக்கு ஷேர் ஆட்டோவில் போக ஆரம்பித்தது. அவர்கள் பின்னாலேயே இன்னும் சிலர் போனார்கள். ஞாயிறு காலையில் பின்பாதி பெஞ்சுகளில் தூசி கிடந்தது.

அந்தச் சமயத்தில் புதுப் போதகர் வந்தார். நாலு ஊர்க் கோயில்களை ஒரே பைக்கில் சுற்றிப் பார்க்க வேண்டியவர். ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார்.

“டீச்சர், பொறுப்ப விட்டுக் குடுங்கன்னு நான் உங்க அண்ணன்கிட்ட பேசினா சண்டையாயிடும். நீங்க பேசுங்க, கேப்பாரு.”

“ஆளப் பத்திப் பேச வேணாங்க ஐயா, விதிய மாத்திடுவோம்” என்றேன்.

அப்படிச் சொன்னதில் எனக்கு அன்று ஒரு பெருமை. மூடப்போகிறார்கள் என்று சொன்ன பள்ளிக்கூடத்தை வீடு வீடாக ஏறிப் பிள்ளைகளைச் சேர்த்து நிமிர்த்தியவள் நான். ஒரு இடத்தை எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

விதியை என் கையாலேயே முழுத்தாளில் எழுதினேன். யாரும் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் பொறுப்பில் இருக்கக் கூடாது. கமிட்டியில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். புதுக்காலனி உட்பட ஒவ்வொரு தெருவுக்கும் ஒருவர். தாளை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தெருத் தெருவாகக் கையெழுத்து வாங்கப் போனேன். சிலர் யோசித்தார்கள். “அண்ணனுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்கள். “நான் சொல்லிக்கிறேன்” என்றேன். அண்ணன் தெருவைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கடைசிவரை தாளோடு அந்தத் தெருவுக்கு நான் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். அவர் கோபப்படுவார் என்ற பயம் இல்லை. அவர் என்னிடம் கோபப்பட்டதே கிடையாது. ‘பார்ப்போம் பாப்பா’ என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் என்னால் ஒரு அடி வைக்க முடியாது. அதுதான் பயம்.

சபையின் வருஷக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம் சொல்லிவிடுவது என்று உறுதியாக நினைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். அண்ணன் எனக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வெங்காய விலை பற்றிப் பேசினோம், அவர் மகள் அரியலூரில் கட்டும் வீட்டைப் பற்றிப் பேசினோம். கை கழுவி வந்தேன். அவர் வாசல் வரைக்கும் கூட வந்தார்.

“வேற ஒண்ணும் இல்லியா பாப்பா?”

“இல்லண்ணே. சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

“சரி, போயிட்டு வா.”

மறுநாள் ஆராதனை முடிந்து கூட்டம் தொடங்கியது. அண்ணன் போன வருஷ அறிக்கையை வாசித்து முடித்தார். வேறு ஏதாவது தீர்மானம் உண்டா என்று போதகர் கேட்டதும் நான் எழுந்தேன். தாளைப் பார்த்து வாசித்தேன், தலை நிமிரவில்லை. பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகள் முன்னால் பேசுகிறவள், அன்று என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் போதகர். யார் எண்ணுவது என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை போலும். எண்ணுவது எப்போதும் செயலாளர்தான். அண்ணன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். பேனாவை நீட்டி, முதல் பெஞ்சிலிருந்து ஒவ்வொரு கையாகச் சத்தமாக எண்ணினார். தன்னோடு ஆலையில் வேலை பார்த்தவர்களின் கையையும் எண்ணினார். பெண்கள் பக்கம் வந்தார். என்னிடம் வந்ததும் “இருபத்தேழு” என்றார். மற்றவர்களை எண்ணிய அதே குரல். அண்ணி கை தூக்கவில்லை. புதுக்காலனிக்காரர்கள் கடைசி பெஞ்சில் எல்லாரும் தூக்கியிருந்தார்கள். மொத்தம் நாற்பத்தொன்று, வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல். அவர் போய் உட்கார்ந்து, தீர்மானம் நிறைவேறியது என்று புத்தகத்தில் எழுதி, எழுதியதை வாசித்தும் காட்டினார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்கே புதுக் கமிட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். செயலாளராக என் பெயரைச் சொன்னார்கள். நான் மறுத்திருக்க வேண்டும். யாராவது தொடங்கி வைக்க வேண்டுமே என்று ஒத்துக்கொண்டேன். அவர் உட்கார்ந்த நாற்காலியில் அடுத்த வாரம் நான் உட்கார்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். கோயில் பதிவேடுகளையெல்லாம் வேட்டியில் சுற்றி எனக்காக எடுத்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“வாங்க, உக்காருங்க” என்றார்.

முதலில் என் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

“அண்ணே, என்னப் போயி...”

“இதுல ஞானஸ்நானப் புத்தகம் இருக்கு. நாலஞ்சு பக்கம் கிழிஞ்சிருக்கு, பாத்துப் புரட்டுங்க” என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு எப்போதும் ‘வாங்க’, ‘சாப்பிட்டீங்களா’ தான். நல்லது கெட்டதில் பார்த்தால் பேசுவார். முகத்தைத் திருப்பிக்கொண்டதே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். மரியாதை கொடுப்பவரிடம் எப்படிப் போய் அழுவது?

ஓய்வு பெற்றதும் அண்ணனும் அண்ணியும் அரியலூரில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். சில மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் சபையிலிருந்து அரியலூர் சபைக்கு உறுப்பினர் பெயரை மாற்றித் தரக் கேட்டு, முறைப்படி எழுதியிருந்தார். ‘மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு’ என்று தொடங்கியது. அதில் செயலாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் அப்பா அம்மா அடக்கமாகியிருக்கும் கோயிலிலிருந்து அண்ணனை வெளியே அனுப்பும் தாளை ஒரு வாரம் மேசையில் வைத்திருந்தேன். பிறகு கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

கோயில் நன்றாக ஆனது. அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகும். ஷேர் ஆட்டோவில் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். அந்த டிரைவரின் மகள் இன்று ஞாயிறுப் பள்ளி நடத்துகிறாள். கமிட்டியில் நாலு பெண்கள் உட்கார்ந்து உரக்கப் பேசுகிறார்கள், சண்டைகூடப் போடுகிறார்கள். எனக்கு இரண்டு முறை முடிந்ததும் நான் எழுதிய விதியின்படி நானும் இறங்கிவிட்டேன்.

நான் இறங்குவதற்கு முந்தின வருஷம் அண்ணன் இறந்துபோனார். நெஞ்சுவலி என்று திருச்சிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அடக்கம் அரியலூரில். ஊருக்கு எடுத்துவருவார்கள் என்று கல்லறைத் தோட்டத்தில் முள்வெட்டச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தேன். அதெல்லாம் வேண்டாம் என்று அண்ணனின் மருமகன் போனில் சொன்னார். அரியலூர் கோயிலில் எனக்கு யாரையும் தெரியாது. இறந்தவரின் தங்கை என்று யாரோ சொன்ன பிறகு முன்னால் வரவிட்டார்கள்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் போனபோது அண்ணியும் நானும் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். கேட்காமலேயே அண்ணி சொன்னார்.

“அவருக்கு முன்னாடியே தெரியும்மா.”

“எது அண்ணி?”

“நீ கையெழுத்து வாங்கினது. ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே ஒருத்தர் வந்து சொல்லிட்டாரு. நீங்களே போயி கேட்டுடுங்களேன்னு நாங்கூட சொன்னேன். ‘அதுவா வந்து சொல்லும், எங்கிட்ட சொல்லாம அது எதுவும் செய்யாது’ன்னுட்டாரு. அந்தச் சனிக்கிழம நீ வந்தப்ப, சொல்லத்தான் வந்துருக்கேன்னு அவருக்கு அவ்வளவு சந்தோசம். நீ போனப்புறம் வாசல்லயே ரொம்ப நேரம் நின்னாரு.”

“ஏதாவது சொன்னாரா?”

“ஒண்ணும் சொல்லல. சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னாரு, நாளைக்குக் கூட்டம் இருக்குன்னு.”

அண்ணி சொன்ன விதத்தில் கோபம் இல்லை. நான் உரித்த வெங்காயத்தையே திரும்பத் திரும்பச் சீவிக்கொண்டிருந்தேன். அண்ணி என் கையிலிருந்து கத்தியை வாங்கி வைத்துவிட்டு, மீதி வெங்காயத்தைத் தான் ஒருத்தியாகவே உரித்தார்.

இப்போது அக்கம்பக்கத்துச் சபைகளில் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். உங்கள் ஊரில் எப்படி மாற்றினீர்கள், வந்து சொல்லுங்கள் என்கிறார்கள். போன மாதம் உடையார்பாளையம் பக்கம் ஒரு கோயிலுக்குப் போயிருந்தேன். விதிகளைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். எதிர்ப்பு வரவில்லையா என்று ஒருவர் எழுந்து கேட்டார்.

“வரலீங்க. எங்க அண்ணன்தான் செயலாளர். அவரே கையெல்லாம் எண்ணி, நிறைவேறிச்சுன்னு எழுதினாரு. அவர்கிட்டதான் நான் மொதல்ல போயிருக்கணும். ஊர்ல எல்லாருகிட்டயும் சொன்னேன், அவர்கிட்ட சொல்லல” என்றேன்.

கேட்டவர் பேனாவை மூடி வைத்தார். கூட்டத்தை நடத்தியவர், நேரமாகிவிட்டது, டீ வந்துவிட்டது என்றார்.