நாற்பத்தாறு கிராம்

மார்லிஸ் லாட்டி வருகிறாள் என்றால் அந்த ஊர் மாமியார்கள் பால் பவுடர் டின்னைத் தூக்கி அலமாரிக்குள் ஒளித்துவைப்பார்கள். வடக்கு மினசோட்டாவின் இரும்புச் சுரங்க ஊரில் அவளுக்கு 'பால் போலீஸ்' என்று பெயர். காதுபடவே சொல்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள், உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். இருபத்திரண்டு வருடமாகத் தாய்ப்பால் ஆலோசகர். பிள்ளை பெற்ற வீட்டுக்குள் நுழைந்ததும் பனிக்காலணியைக் கழற்றி, கையைக் கழுவி, "எங்க, எப்படிப் பிடிக்கிறான்னு பார்ப்போம்" என்று தாயின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். வீட்டு ஆண்களுக்கு அப்போதுதான் ஏரிக்கு மீன்பிடிக்கப் போக வேண்டும் என்று ஞாபகம் வரும்.

அந்த வைராக்கியத்துக்குக் காரணம் இருந்தது. அவளுக்கு மூத்தவன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில், "உனக்கு எங்கே பால் போதப்போகுது" என்று சொல்லி, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் பால் வற்ற ஊசி போட்டுவிட்டார்கள். மார்பை இறுக்கித் துணி கட்டினார்கள். மூன்று நாள் மார்பு கல்லாகக் கனத்தது. பக்கத்துத் தொட்டிலில் பிள்ளை புட்டியைச் சப்பிக்கொண்டிருந்தான். அந்தக் கோபம் அவளை விட்டுப் போகவே இல்லை. நர்ஸாகி, மறுபடியும் படித்துப் பரீட்சை எழுதி, நூற்றுக்கணக்கான பெண்களுக்குப் பாலூட்டக் கற்றுக்கொடுத்த பிறகும் 'பால் போதாது' என்று யாராவது சொன்னால் சுர்ரென்று ஏறும். நியாயமான கோபமும் கண்ணை மறைக்கும் என்பது அறுபது வயதில்தான் அவளுக்குத் தெரிந்தது.

அந்த ஜனவரியில் டேனா ஸூபான்ஸின் வீட்டுக்குப் போனாள். டேனாவுக்கு இது முதல் பிள்ளை. புருஷன் கோரி சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவன். பிறந்து ஆறு நாள் ஆன ஈடித், பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கை இழந்திருந்தாள். புட்டிப்பால் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய டாக்டர் மார்லிஸைத்தான் அனுப்பியிருந்தார்.

அதற்கு ஒரு வழி உண்டு. பால் குடிக்கும் முன் ஒரு எடை, குடித்த பின் ஒரு எடை. நடுவில் உடுப்பையோ டயாபரையோ தொடக் கூடாது. எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவு பால் உள்ளே போயிருக்கிறது. இருபது கிராமுக்குக் குறைந்தால் புட்டிப்பால் கொடுத்தே ஆக வேண்டும். நாற்பதைத் தாண்டினால் பயமில்லை.

முதல் எடை எடுத்தாயிற்று. டேனா பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டாள்.

"சப்பறா, உடனே தூங்கிடறா," என்றாள். "பால் இறங்கின மாதிரியே தெரியலையே, மார்லிஸ்."

"ஆறு நாள்தானே ஆகுது. உடம்பு நிதானமாத்தான் கத்துக்கும். நீ பயந்தா பாலும் பயப்படும்."

சமையலறையிலிருந்து மாமியார் ரோசலி குரல் கொடுத்தாள். "பிள்ளைக்குப் பசி. கண்ணு இருக்கற யாருக்கும் தெரியும். நீ அங்க உக்காந்து சட்டம் பேசிக்கிட்டிரு."

"உன் அலமாரியில இருக்கற டின்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா, ரோசலி? முதல்ல அதைக் கடையில திருப்பிக் குடு."

"என் மூணு பசங்களும் அந்த டின்னுலதான் வளந்தாங்க. ஒவ்வொருத்தனும் கதவு ஒசரம் இருக்கான்!"

டேனா சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

வெளியே உறைநிலைக்கு முப்பது டிகிரி கீழே. வீட்டு ஹீட்டர் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. குடித்து முடித்த பிள்ளையின் பாதம் ஜில்லென்று இருக்கவே மார்லிஸுக்கு மனசு கேட்கவில்லை. தான் பார்க்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குல்லாவும் கால்களுக்கு ஒரு ஜோடி சாக்ஸும் அவளே பின்னித் தருவாள்; இரட்டை நூல் போட்ட முரட்டுக் கம்பளி. இரண்டையும் எடுத்து மாட்டிவிட்டாள். பிறகு, ரோசலிக்குப் பதில் சொல்லிக்கொண்டே, பிள்ளையைத் தூக்கித் தராசில் வைத்தாள்.

நாற்பத்தாறு கிராம் கூடியிருந்தது.

"பாத்தியா ரோசலி? நாற்பத்தாறு!" மார்லிஸ் சமையலறைக்குக் கேட்கும்படி கத்தினாள். டேனா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகை. ரோசலி மறுபேச்சில்லாமல் டின்னை எடுத்துக் காரில் வைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் ஈடித் எழுந்திருக்கவில்லை. எவ்வளவு தட்டியும் கண்ணைத் திறக்கவில்லை. உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒருமுறை வலிப்பு வந்தது. ரத்தத்தில் தண்ணீர் வற்றி உப்பு ஏறியிருக்கிறது என்று ஹெலிகாப்டரில் துலூத் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மருந்து ஏதாவது சாப்பிட்டாயா என்று அங்கே டாக்டர்கள் கேட்டபோது, மார்லிஸ் வந்துபோன மறுநாள் ஜலதோஷத்துக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டதாக டேனா சொன்னாள். அந்த மாத்திரை பாலைக் குறைக்கும்தான். போதாதா? அதற்கு முந்தின நாள் நாற்பத்தாறு கிராம் குடித்த பிள்ளையை ஒரு மாத்திரையைப் போட்டுப் பட்டினி போட்டுவிட்டாள் என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். டேனாவும்தான்.

இரண்டு நாள் கழித்துக் கிளினிக்கில் போனில் இதைக் கேட்டபோது மார்லிஸுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைப்பானேன்? பாவம் அந்தப் பெண் என்று நினைத்தாள். தன் மேல் தப்பில்லை என்றும் நினைத்தாள். மதியம் இன்னொரு வீட்டுக்குக் கிளம்பப் பையை அடுக்கும்போது, அந்த வீட்டுப் பிள்ளைக்காக அதே நூலில் அதே அளவில் பின்னியிருந்த குல்லாவும் சாக்ஸும் கையில் வந்தன. கை அப்படியே நின்றுவிட்டது.

கதவைத் தாழிட்டுவிட்டு அவற்றைத் தராசில் வைத்தாள். நாற்பத்து நாலு.

அப்படியானால் அந்தக் குழந்தை குடித்தது இரண்டு கிராம். அரை ஸ்பூன்கூட இல்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதையும் யோசித்தாள், நாற்காலியில் உட்கார்ந்து நிறைய நேரம் யோசித்தாள். பிறகு டாக்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். வேலை போகும் என்று தெரியும். காரை எடுத்துக்கொண்டு பனியில் ஒன்றரை மணிநேரம் ஓட்டித் துலூத் போனாள்.

ஈடித் கண்ணாடிப் பெட்டிக்குள் டிரிப்ஸோடு கிடந்தாள். பிழைத்துக்கொள்வாள்; மூளைக்கு என்ன ஆயிற்று என்பது வளர வளரத்தான் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். டேனா பக்கத்தில் உட்கார்ந்து மார்பில் பம்ப் வைத்துக்கொண்டிருந்தாள். பாட்டிலின் அடி மட்டும் ஈரமாக இருந்தது.

"ஒரே ஒரு மாத்திரை, மார்லிஸ்," என்றாள். "மூக்கு ஒழுகினா என்ன, செத்தா போயிடுவேன்?"

"மாத்திரை இல்ல, டேனா. நான்." மார்லிஸ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். குல்லாவை, சாக்ஸை, நாற்பத்து நாலை. "உனக்குப் பால் சரியா வரவே இல்ல. நீ அன்னைக்கே சொன்னே. நான் தராசைக் காட்டி உன் வாயை அடைச்சுட்டேன்."

டேனா பம்பை நிறுத்தினாள். "அப்ப நான் இல்லையா?"

"நீ இல்ல."

"வெளிய கோரியோட அம்மா இருக்காங்க. ரெண்டு நாளா என் முகத்தைப் பார்க்கல. அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. இப்பவே."

"சொல்றேன்."

மார்லிஸ் கதவருகே போனபோது டேனா கூப்பிட்டாள்.

"அப்ப அன்னைக்கும் அவ பட்டினியாத்தான் இருந்தா?"

"ஆமா."

"நீங்க போனதும் அசையாம தூங்கினா. எவ்வளவு சமத்துன்னு போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். உங்களுக்கும்தான். என்ன பதில் போட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. 'வயிறு நிறைஞ்ச பிள்ளையோட முகம் இதுதான்' என்று எழுதியிருந்தாள்.

மார்லிஸ் கதவைத் திறந்துகொண்டு ரோசலியிடம் போனாள்.