மேளம் நின்ற மதியம்

இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணனுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது அபின் வகை வலி மாத்திரை. வலி அடங்கவில்லையென்று அவனாகவே அளவைக் கூட்டினான். தூக்க மாத்திரையும் சேர்த்துக்கொண்டான்.

துர்கா பூஜை அஷ்டமியன்று மதியம், எங்கள் சால்ட் லேக் குடியிருப்பின் பூஜைப் பந்தலில் மேளம் அதிர, மேலே வீட்டில் அண்ணன் பெரிதாகக் குறட்டை விட்டுக் கிடந்தான். “இன்னைக்குத்தான் புள்ள அசந்து தூங்குறான்” என்று அம்மா கீழே இறங்கி, அரைகுறை பெங்காலியில் கெஞ்சி மேளத்தை நிறுத்தவைத்தாள். அந்தக் குறட்டை மூச்சுத் திணறல் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. அண்ணன் எழுந்திருக்கவேயில்லை.

இப்போதும் பூஜை நாட்களில் எங்கள் வாசலுக்கு வந்ததும் மேளக்காரர்கள் தாங்களாகவே கையை நிறுத்திக்கொள்கிறார்கள். மரியாதைக்குத்தான். அந்த அமைதியில் என் காது குறட்டையைத் தேடும். அடித்துத் தொலையுங்களேன் என்று கத்த வேண்டும்போல் இருக்கும்.