முகப்பேட்டின் மறுபுறம்

பழைய நூல்களைத் திரட்டுவோரை மேடைகளில் அறிவுச் செல்வர் என்று புகழக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. அத்தொழிலின் நாற்றத்தை நான் அறிவேன். இருபதாண்டுகள் அதில் கிடந்தவன் நான். இராமபாணப் பூச்சியும் எலிப்புழுக்கையும் பசைக்கூழும் என் விரல்களுக்குப் பழகியவை. ஆனால் நான் குறிப்பது அந்த நாற்றத்தை அன்று.

உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். உத்தமபாளையத்தில் தமிழாசிரியனாக இருந்தேன். புதுத்தாள் கிடைப்பது அரிதாகிவிட்டதால் மளிகைக் கடைக்காரர்கள் பொட்டலம் கட்டப் பழந்தாளை நிறுத்து வாங்கினார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் வீடுகளில் பரண்மேல் கிடந்த பெட்டிகள் எல்லாம் கீழே இறங்கின. முந்தைய தலைமுறையின் அச்சு நூல்கள், நாடகத் துண்டறிக்கைகள், திருமண அழைப்பிதழ்கள், பெயர் தெரியாத மாந்தர் விறைத்து அமர்ந்திருக்கும் ஒளிப்படங்கள் என யாவும் சின்னமனூர்ச் சந்தையருகே ஓர் இராவுத்தரின் கிட்டங்கியில் வந்து குவிந்தன. கிழமைதோறும் நான் அங்கே செல்வேன். எவர் வீட்டுப் பெட்டி, ஏன் விற்றார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பிணத்தின் மேல் காகம் அமர்வதுபோல் அமர்ந்து கொத்துவேன்.

எனக்கு முன்பே கொத்துபவர் ஒருவர் இருந்தார். வருவாய்த்துறையில் அலுவல் பார்த்து ஓய்வு பெற்றவர், சின்னமனூரிலேயே வீடு. அவருக்கு நூல் வேண்டியதில்லை, முகப்பேடு மட்டுமே வேண்டும். சவரத் தகட்டை மடித்த தாளில் பொதிந்து சட்டைப்பையில் வைத்திருப்பார். நூலைத் திறந்து, முதல் ஏட்டை ஒரே இழுப்பில் அறுத்தெடுத்து, எஞ்சியதைக் குவியலில் வீசிவிட்டுப் போவார்.

"வாங்க வாத்தியாரய்யா," என்பார் இராவுத்தர். "தலைய அவுக அறுத்துக்கிட்டுப் போயிட்டாக. முண்டம் உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்."

அவ்வாறு வந்த முண்டங்களுள் ஒன்று ஒரு பழைய மருத்துவ நூல். அந்நூலை முழுமையாக ஒரு முறை பார்க்கவேண்டும் என்று பல்லாண்டு ஏங்கியிருந்தேன். அறுபட்ட அடியைத் தடவிப் பார்த்து அந்த முன்னாள் அலுவலரை மனத்துக்குள் வைதேன். என்னை அவரினும் உயர்ந்தவனாக எண்ணிக்கொண்ட நாள்களுள் அதுவும் ஒன்று.

சில திங்கள் கழித்து, ஒரு புதன்கிழமை முற்பகலில், மார்க்கையன்கோட்டை உழவர் ஒருவர் பள்ளிக்கு என்னைத் தேடி வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அய்யா, எங்க அண்ணன் பொஸ்தகம் ஒண்ணு உங்ககிட்ட இருக்குன்னு ராவுத்தர் சொன்னாக. வைத்தியப் பொஸ்தகம். செவப்புத் துணி அட்ட."

எங்கள் வட்டாரத்து வீடுகளில் குழந்தை பிறந்தவுடன் சாதகம் எழுதுவதில்லை. பிள்ளை தேறட்டும் என்று பிறந்த நாளையும் நாழிகையையும் மட்டும் குறித்துவைப்பார்கள். பெண்ணாயின் மணப்பேச்சு வரும்வரை அக்குறிப்போடு நிற்கும். வீட்டில் எந்த நூல் மதிப்புடையதோ அதன் முதல் ஏட்டின் பின்புறத்தில், மூலையில் மஞ்சள் தொட்டு வைத்து எழுதுவார்கள். இவர் வீட்டில் எழுத்தறிந்தவர் தமையனார் ஒருவரே. அவர் காலமான பின் அவர் மகன் பெட்டியோடு எடையில் போட்டுவிட்டான்.

"என் மக ஐப்பசி அடமழையில பொறந்தா, அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும். நாளு, நாழிக எல்லாம் அண்ணன் எழுதுனதுதான். வெள்ளிக்கெழமக்குள்ள சாதகம் வரலைன்னா மாப்பிள்ள வீட்டுல கம்பத்துப் பொண்ணப் பேசி முடிச்சிருவாகளாம்."

நூலை எடுத்து வந்து விரித்தேன். தொடக்கமே மூன்றாம் பக்கம். அறுபட்ட அடியில் அவர் விரலை வைத்தார்.

"இங்கன இருந்தது எங்கய்யா?"

அரைநாள் விடுப்பெடுத்துக்கொண்டு அவரோடு சின்னமனூருக்குக் கிளம்பினேன். பெட்ரோல் கிட்டாத காலமாதலால் பேருந்துகள் பின்புறம் மாட்டிய கரி அடுப்பின் வாயுவால் ஓடின. ஊரெல்லை தாண்டியதும் வண்டி மூச்சடைத்து நின்றது. நடத்துநர் பின்புறம் சென்று துருத்தியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். அந்த இடைவேளையில்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. நானும் அத்தகைய குறிப்புகளைக் கண்டிருக்கிறேன். பென்சிலால் எழுதியிருந்தால் ரப்பரால் அழித்திருக்கிறேன். மஞ்சள் கறையைச் சுரண்டியிருக்கிறேன். நூலைத் தூய்மை செய்வதாக அதற்குப் பெயர் வைத்திருந்தேன். எத்தனை வீட்டுப் பிள்ளைகளைத் தேய்த்து ஊதித் தள்ளினேனோ, கணக்கில்லை. அருகில் அமர்ந்திருந்தவரிடம் இதைச் சொல்லவில்லை.

அலுவலர் எங்களை மகிழ்வோடு வரவேற்றார். தம் திரட்டைக் காட்ட ஆள் கிடைத்த மகிழ்ச்சி. முழ நீள அட்டைத் தொகுப்புகள் ஆறு. முதலாவதைத் திறந்ததும் அழுகிய தோலின் வாடை எழுந்தது. தோலைக் காய்ச்சித் தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரப் பசையில், பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலந்து ஒட்டியிருந்தார். நூற்றுக்கணக்கான தலைகள் வரிசையாய் ஒட்டப்பட்டுக் கிடந்தன.

மூன்றாம் தொகுப்பில் உழவரின் கை சட்டென்று ஓர் ஏட்டின்மேல் விழுந்தது. அவருக்கு எழுத்துத் தெரியாது. மூலையில் ஊறி முன்புறம் தெரிந்த மஞ்சளைக்கொண்டு அறிந்துகொண்டார்.

"இதான்! இதான் சாமி!"

"கைய எடுப்பா, கைய எடு," என்று பதறினார் அலுவலர். "இந்த ஜில்லாவிலேயே வேற பிரதி கிடையாது. பின்னாடி எவனோ கிறுக்கி வச்சிருந்தான். அசிங்கம் தெரியக் கூடாதுன்னுதான் நல்லா அழுத்தி ஒட்டினேன்."

"அந்தக் கிறுக்கல்தான்யா என் மக."

அலுவலர் என்னைப் பார்த்தார். நூலின் அருமை அறிந்தவன் என்று என் துணையை நாடினார். அப்பொழுது நான் பேசிய சொற்களை மறைக்காமல் எழுதுகிறேன்.

"நனைச்சா முகப்பு அச்சு சிதைஞ்சுபோகும். நாளுக்குக் கொஞ்சமா ஆவி காட்டி எடுத்தா ரெண்டு பக்கமும் பிழைக்கும். மாப்பிள்ளை வீட்டாரை ஒரு பத்து நாள் பொறுக்கச் சொல்லலாமே?"

உழவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சினங்கூட இல்லை அப்பார்வையில். கழுநீர்ப் பானைக்குள் எட்டிப் பார்ப்பவர் முகம்போல் இருந்தது.

"ஒரு தாளுக்காகவா பொறுக்கச் சொல்லுறீக, வாத்தியாரய்யா?"

அடுக்களையிலிருந்து அலுவலரின் மனைவியார் வந்தார். கையில் வெந்நீர்ச் சொம்பு. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"படிச்சவுக ரெண்டு பேரு உக்காந்து பஞ்சாயத்துப் பண்ணுறீகளாக்கும்? தள்ளுங்க. கூழ் வடகத்தத் துணியில இருந்து எப்படி உரிப்போம்? துணிக்குப் பின்னாடில்ல தண்ணி தெளிப்போம்!"

"அடியே, அது அட்டடி!"

"அட்டையா இருந்தா என்ன? இந்தப் பொணவாடையில பதினாலு வருசமா சோறு பொங்குறேன். இன்னைக்கு இத ஒரு நல்ல காரியத்துக்கு நனைக்கிறேன், போங்க."

தொகுப்பிலிருந்து அந்த அட்டையைத் தாமே கிழித்தெடுத்தார்; ஒரு தட்டில் கவிழ்த்துப் போட்டு, அட்டையின் பின்புறமெங்கும் வெந்நீரைத் தெளித்தார். பசை இளகி நுரைத்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. அட்டை ஊறியதும் புரட்டி, வடகத்தை உரிக்கும் அதே இலாவகத்தோடு மூலையிலிருந்து உரித்தார். தாள் இரண்டாகப் பிளந்தது. முன்புறத்து அச்சு துணுக்குத் துணுக்காய் உதிர்ந்து தட்டில் விழுந்தது. குறிப்பு எழுதிய பின்புறம் முழுமையாய் அவர் உள்ளங்கையில் கிடந்தது. கடுக்காய் மையாதலால் கரையவில்லை.

ஆண்டு, திங்கள், நாள் எல்லாம் தெளிவாய் இருந்தன. நான் படித்தேன். "உதயாதி நாழிகை பதினொன்று. பெண். நல்ல மழை. கண்மாய் நிறைந்தது."

"ஆமா," என்றார் உழவர். "களத்துக்குக் கஞ்சி கொண்டுபோற நேரம். ஆமா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் வேறு தாளில் படியெடுத்துக் கொடுத்தேன். மூலத்தை நானே வைத்துக்கொள்ளலாமென்று என் கை அதன்மேலேயே இருந்தது. அவர் அதை மெல்ல உருவி, வாழையிலையில் வைத்து மடித்துக்கொண்டார். அம்மையாருக்குக் கும்பிடு போட்டார். எங்கள் இருவருக்கும் போடவில்லை. அவர் படியிறங்கியதும் அலுவலர் தட்டில் கிடந்த துணுக்குகளைக் கூட்டத் தொடங்கினார். மற்றொரு கையும் அத்தட்டில் துழாவிக்கொண்டிருந்தது. அது என் கை. அச்சகத்தின் பெயரிருந்த துணுக்கைத் தேடிக்கொண்டிருந்தது.

அதன்பின் கிட்டங்கிக்குப் போகமாட்டேன் என்று உறுதி பூண்டேன். அடுத்த கிழமையே போனேன். இப்படி உறுதி பூண்டதையும் மீறியதையும் எண்ணினால் என்மேலேயே காறி உமிழத் தோன்றுகிறது.

சாதகம் பொருந்திற்று என்று இராவுத்தர் சொன்னார். இரண்டு திங்கள் கழித்து மார்க்கையன்கோட்டையிலிருந்து அழைப்பிதழ் வந்தது. போர்க்காலத் தட்டுப்பாட்டில் இளஞ்சிவப்பு நிறத் தாள் எங்கே பிடித்தார்கள் என்று வியந்தேன். மங்கலான பழைய எழுத்துரு; ஓரத்தில் அரிதான கொடிப்பூ அச்சு. அடியில் அச்சகத்தின் பெயரைப் பார்த்தேன். என் திரட்டில் இல்லாத அச்சகம். மடிப்புக் கலையாமல் பெட்டியில் இட்டு, வேப்பிலை தூவி மூடினேன்.

மணநாள் எது என்று நான் படித்துப் பார்த்தது, மணம் முடிந்த மூன்றாம் நாள்.